இடம் காத்தவன்

எங்கள் கோலியில் பதினான்கு பேர் இருந்தோம். கோலி என்றால் பம்பாயில் அறை. தாராவியின் உள்ளே, தோல் ஊறப்போடும் தொட்டிகளைத் தாண்டி, மூன்றாவது சந்தில் இருந்தது அது. பதினான்கு பேரும் தாமிரபரணிக்குத் தெற்கே ஒரே ஊர். ஐந்து பேருக்குத்தான் வேலை என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதோ இருந்தது. மற்றவர்கள் காலையில் எழுந்து ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் போய் நிற்பார்கள். ஆள் குறைந்தால் கூப்பிடுவான். குறையாவிட்டால் திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். அந்தத் தண்ணீர் குடிக்கிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

நான் அந்த ஐந்து பேரில் ஒருவன். மாட்டுங்காவில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் பொட்டலம் கட்டிவரும் பழைய பத்திரிகைத் தாளிலும், சட்டைக் காலருக்குள் தைத்திருக்கும் துண்டுத் துணியிலும் படித்ததுதான். அதனால் எங்கள் கோலிக்குக் கடிதம் எழுதுகிறவனும் வாசிக்கிறவனும் நான்தான். பெரிய படிப்பாளி என்று நினைத்துவிடாதீர்கள். பதின்மூன்று பேருக்கு எழுத்தே தெரியாத இடத்தில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் வக்கீல் மாதிரி.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. 'இடம் காக்கிறது' என்போம். கம்பெனியில் மூட்டை தூக்கவோ தகடு சுமக்கவோ தற்காலிகமாக ஒரு பாஸ் கிடைத்தவன், ஊருக்குப் போக வேண்டும் என்றால் போக முடியாது. பத்து நாள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவான். கல்யாணம், சாவு, கொடை என்று மனிதன் போகாமல் இருக்க முடியுமா? அதனால் வேலை இல்லாத ஒருவன் அந்தப் பாஸை வாங்கிக்கொண்டு, அந்தப் பேரிலேயே போய் வேலை செய்வான். பாஸில் படம் கிடையாது. பேரும் ஒரு நம்பரும் மட்டும். வாசல் காவல்காரனுக்கு நாங்கள் எல்லோரும் மதராஸி. யார் போய் நின்றாலும் அவன் கண்ணுக்கு ஒரே மதராஸிதான்.

அந்த நாட்களின் கூலி காக்கிறவனுக்கு. இடம் போனவனுக்கு. ஊருக்குப் போனவன் திரும்பி வரும் அன்று, காக்கிறவன் தாதர் ஸ்டேஷனுக்கே போய், ரயிலை விட்டு இறங்குகிறவன் கையில் பாஸைக் கொடுத்துவிட வேண்டும். கோலிக்கு வந்து கொடுக்கலாம் என்ற பேச்சே கிடையாது. பிளாட்பாரத்திலேயே கொடுத்தாக வேண்டும். யார் வைத்த சட்டமோ தெரியாது. ஒருவனும் அதை மீறியதில்லை. அறுபதுகளின் நடுப்பகுதி அது. ரேஷனில் அரிசி போய் கோதுமையும், சிவப்பாக மைலோ என்ற ஒரு சோளமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில், தன் கையில் இருக்கிற சோற்றுப் பாஸை ஒரு மனிதன் ரயில் வரும்வரை காத்திருந்து கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நடந்து வருவான். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தக் கதை அப்படி இடம் காத்த ஒருவனைப் பற்றியது. என் வயதுதான் அவனுக்கும். ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். மனைவி பீடி சுற்றினாள். அவன் பம்பாய் வந்து இரண்டு வருஷத்தில் தனக்கென்று ஓர் இடம் கிடைக்கவில்லை. ஆனால் சும்மாவும் இருந்ததில்லை. ஆள் மாற்றி ஆளாக எல்லோருடைய இடத்தையும் அவன்தான் காத்தான்.

சந்து முனையில் இட்லிக் கடை வைத்திருந்த அக்கா ஒருத்தி உண்டு. தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் பதினான்கு வயிறும் அவள் கையில்தான். அவள் அவனைப் பார்த்துச் சொல்வாள்:

"ஏய்யா, இன்னைக்கு நீ யாரு? யாரு கணக்குல இட்லி வைக்கணும்னு சொல்லிட்டு உக்காரு."

அவனும் சிரித்துக்கொண்டே அன்றைக்கு யார் பேரில் வேலைக்குப் போகிறானோ அந்தப் பேரைச் சொல்வான்.

எங்களில் ஒருவனுக்குச் செம்பூரில் ஒரு டப்பா கம்பெனியில் தகடு சுமக்கிற வேலை. எண்ணெய் டப்பா, பெயிண்ட் டப்பா செய்கிற இடம். அவனை இடத்துக்காரன் என்றே சொல்லிவிடுகிறேன். இடத்துக்காரனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஊருக்குப் புறப்பட்டான். முறைப்படி பாஸை, எல்லோருடைய இடத்தையும் காக்கிற நம் ஆளிடம் கொடுத்தான். இருவரும் மச்சான் மாப்பிள்ளை முறை. "மாப்ளே, ஒரு மாசத்துல வந்திருவேன்" என்று சொல்லிப் போனவன், கல்யாணம் முடிந்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், இரண்டரை மாதம் அங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது.

அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது.

அந்தக் கம்பெனியில் டப்பா மூடி அடிக்கிற ஒரு பிரஸ் இருந்தது. தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுத்து, காலால் ஒரு கட்டையை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கும். மூடி தயார். ஒரு மிதிக்கு ஒரு அடி. ஆனால் அது பழைய பிரஸ். எப்போதாவது மிதிக்காமலே இரண்டாம் தடவை தானாக இறங்கிவிடும். அப்படி ஒருநாள் இறங்கி, ஓட்டிக்கொண்டிருந்தவனின் இரண்டு விரல் நுனியை எடுத்துக்கொண்டது. அதன்பிறகு அந்த ஸ்டூலில் உட்கார யாரும் முன்வரவில்லை. மேஸ்திரி, மராட்டிக்காரர், தகடு சுமந்துகொண்டிருந்த நம் ஆளைக் கைகாட்டி உட்காரச் சொன்னார். மறுத்தால் பாஸ் போய்விடும். பாஸ் அவனுடையது இல்லை. அதனால் உட்கார்ந்தான். தன் சொந்த இடமாக இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேனா தெரியாது என்று பின்னால் என்னிடம் சொன்னான்.

இரண்டு மாதம் ஓட்டினான். ஒரு விரலுக்கும் சேதமில்லை. மற்றவர்கள் அடித்ததைவிட மூடியும் கூட வந்தது. எப்படி என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"அது தானா எறங்குறதுக்கு முன்னால லேசா ஒரு செருமல் செருமும்டே. வயசான மனுசன் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னால செருமுவாம்லா, அது மாதிரி. நான் தகடு செமந்துட்டு அந்தப் பக்கமாப் போய் வரும்போதே கேட்டுருக்கேன். செருமினா கையை வைக்கப்புடாது. அவ்வளவுதான்."

அவ்வளவு பெரிய இரைச்சலில், முதுகில் தகட்டுக் கட்டோடு போகிறவன், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு யந்திரம் செருமுவதைக் கேட்டிருக்கிறான்.

ஒரு சனிக்கிழமை கம்பெனியில் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஆங்கிலம். அவன் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். நான் எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு சொல்லில் நின்றேன். அந்தச் சொல் எனக்குத் தெரியும். மாட்டுங்காவில் இஸ்திரி போடக் கொடுக்கிற ஆபீஸ்காரர்கள் வாசலில் நின்று பேசும்போது பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை அதுதான்.

"பர்மனென்ட்" என்றேன்.

கோலியில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். எங்கள் பதினான்கு பேரில் அதுவரை ஒருவருக்கும் அந்தச் சொல் வாய்த்ததில்லை. எழுந்தவர்கள் அவனைத் தூக்கிவிட்டார்கள். ஒருவன் ஜிலேபி வாங்க ஓடினான். சத்தம் கேட்டு அக்கா கையில் மாவோடு வந்து வாசலில் நின்றாள். விஷயத்தைச் சொன்னோம். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"யாருக்குய்யா பர்மனென்ட்டு?"

தூக்கியவர்கள் மெதுவாக அவனை இறக்கிவிட்டார்கள். ஜிலேபி வாங்கப் போனவனைத் திருப்பிக் கூப்பிடவும் யாருக்கும் தோன்றவில்லை. கடிதத்தில் இருந்த பேர் இடத்துக்காரனுடையது. இதுவரை நாங்கள் காத்த இடமெல்லாம் தோளால் செய்கிற வேலை. என் தோள் இருந்தால் என்ன, உன் தோள் இருந்தால் என்ன? காக்கிற இடத்தில் ஒரு மனிதன் வேலை கற்றுக்கொள்வான், அந்த இடம் அவனோடு சேர்ந்து வளரும் என்று எங்களில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. பதினான்கு பேரும் சேர்ந்து செய்த தப்பு அது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனேன். எங்கள் கடை வாடிக்கைக்காரர் ஒருவர், பம்பாயில் கோட்டை என்கிற ஆபீஸ் வட்டாரத்தில் ஏதோ கம்பெனியில் டைப் அடிக்கிறவர். ஈஸிசேரில் படுத்தபடியே வாசித்தார். வாசித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருய்யா இந்த மகானுபாவன்? எனக்கு இந்த மாதிரி லெட்டர் வர்றதுக்கு நாலு வருஷம் ஆச்சு. நாளைக்கு இல்லே, அடுத்த திங்கட்கிழமை ஆஜராகணும். இன்ஜினியர் முன்னாடி மெஷின் ஓட்டிக் காட்டணும். போட்டோ ரெண்டு காப்பி கொண்டு போகணும். ஒண்ணைக் கார்டுல ஒட்டுவான், ஒண்ணை ஃபைல்ல வைப்பான்."

"போட்டோ எதுக்குங்க?"

"எதுக்கா? அப்புறம் ரிட்டையர் ஆற வரைக்கும் அந்த மூஞ்சிதான் அந்தப் பேரு."

நான் கொஞ்சம் தயங்கிவிட்டு, "மூஞ்சி வேற ஒருத்தரோடதா இருந்தா என்னங்க ஆகும்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்தார். "இதை நீ கேக்கலே. என் காதுலயும் விழலே. அந்த மூலைல நாலு வேஷ்டி இருக்கு, எடுத்துண்டு போ" என்றார்.

டிக்கெட் எடுத்தாயிற்று என்று இடத்துக்காரனிடமிருந்து அதற்கு முன்பே கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறான். அவன் ஊரில், பம்பாயில் வேலை இருக்கிற மாப்பிள்ளை என்று சொல்லிப் பெண் எடுத்தவன். நம் ஆளுக்கு இரண்டு வருஷத்தில் கிடைத்த முதல் நிலையான ஸ்டூல். ஒரு பேர், இரண்டு முகம். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு நாள்.

அந்த வாரம் கோலியில் நடந்த பேச்சைச் சொல்லி முடியாது. ஒருவன் சொன்னான்: "எடம் அவனோடது. எடத்துல மொளச்சதும் அவனோடதுதான்."

இன்னொருவன் விடவில்லை. "எல, அவன் விட்டுட்டுப் போனது தகடு செமக்கற எடம். இது வேற எடம்லா? இதை உண்டாக்குனது யாரு?"

மேஸ்திரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான் மூன்றாமவன். அவருக்கு இந்த இடம் காக்கிற விஷயம் முதலிலிருந்தே தெரியுமாம். "எனக்கு வேண்டியது டப்பா மூடி. முகம் ஆபீஸ்காரனுக்கு. படத்தில் எவன் இருக்கிறானோ அவன் இன்ஜினியர் முன்னால் ஓட்டிக் காட்டட்டும்" என்று கையை உதறிவிட்டாராம்.

நம் ஆள் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. வேலை முடிந்து வந்து, தையல் கடையில் தூக்கிப்போட்ட ஒரு பலகையை எடுத்து இரண்டு செங்கல் மேல் வைத்தான். கீழே காலுக்கு ஒரு கட்டை. அக்காவிடம் பழைய இட்லித் தட்டு ஒன்றை வாங்கி வந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்டோம்.

"பிரஸ் செய்யுதேன். அவன் வந்து படிக்கணும்லா? ரெண்டு நாளுதான இருக்கு."

நான் கேட்டேன்: "ஒனக்கு மனசு வருதாடே?"

"மனசு வரலைதான்," என்றான். பலகை ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா இன்னைக்கு இதை நான் வச்சுக்கிட்டேம்னு வையி. நாளைக்கு ஓம் அம்மா செத்தா, நீ எவங்கிட்ட எடத்தைக் குடுத்துட்டு ஊருக்குப் போவே?"

நாங்கள் எல்லோரும் இரண்டு பேர் வயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் பதினான்கு பேர் வீட்டுச் சாவையும் கல்யாணத்தையும் யோசித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை தாதருக்கு நானும் கூடப் போனேன். ரயில் வந்தது. இடத்துக்காரன் புதுமாப்பிள்ளைக் களையோடு, கருப்பட்டி ஓலைப்பெட்டியோடு இறங்கினான். நம் ஆள் சட்டைப் பையிலிருந்து பாஸையும் மடித்த கடிதத்தையும் எடுத்து நீட்டினான்.

"இந்தா மச்சான் ஓம் எடம். நீ குடுத்துட்டுப் போனதை விடக் கொஞ்சம் பெருசாயிருக்கு."

கடிதத்தில் உள்ளதை நான் சொன்னேன். இடத்துக்காரன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போர்ட்டர் ஒருவன் வந்து எழுப்பும்வரை அங்கேயே இருந்தான்.

சனிக்கிழமை நம் ஆளும் நானும் லீவு போட்டோம்; நாள் முழுக்கப் படிப்பு. இடத்துக்காரன் பலகை முன்னால் உட்கார்ந்தான். இட்லித் தட்டுதான் தகடு. கோலியில் ஒருவன் கையில் ரப்பர் செருப்போடு மேலே நின்றான். அவன்தான் இறங்குகிற இரும்பு. கட்டையை மிதித்ததும் செருப்பு பலகையில் அடிக்கும். நம் ஆள் பின்னால் உட்கார்ந்து வாயாலேயே பிரஸ் மாதிரி இரைந்தான். நடுவில் சட்டென்று, கேட்டும் கேட்காமலும், ஒரு செருமல் செருமுவான். அப்போது கையை எடுக்காவிட்டால் செருப்பு விரலில் விழும்.

முதலில் எங்களுக்குச் சிரிப்புத்தான். சுற்றி உட்கார்ந்து எண்ணினார்கள். "ஒண்ணு போச்சு." "மோதிர விரலு போச்சுடே, பொண்டாட்டிக்கு என்ன சொல்லுவே?" அக்கா தட்டைத் திருப்பி வாங்க வந்தவள், எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய்யா, அந்தச் செருப்புக்காரனை நிறுத்து. இவன் ஊருல புதுமாப்ளையா இருந்த ரெண்டரை மாசத்துக்குப் பொறாமையில அடிக்கான்" என்றாள்.

ஆனால் நேரம் போகப் போக நான் சிரிப்பதை மறந்தேன். நம் ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையில் அந்த யந்திரத்தை அப்படியே ஓட்டினான். ஒரு இடத்தில்கூட ஒளித்துவைக்கவில்லை. தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் திங்கட்கிழமை ஸ்டூல் தனக்கே திரும்பி வரும் என்று அவனுக்குத் தெரியாதா? "இன்னும் மெல்லக் கேளு மச்சான். காதால கேக்காத. முழங்கையால கேளு, பலகை அதிரும் பாரு" என்று கெஞ்சினான். ஒரு மனிதன் தன் சோற்றை இன்னொருவன் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அத்தனை அக்கறையாகச் சொல்லிக்கொடுப்பதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் எடுக்கப் போக வேண்டும். எங்கள் கோலிக்குப் பொதுவாக ஒரு வெள்ளைச் சட்டை உண்டு. வேலை கேட்டுப் போகிறவன் போட்டுக்கொள்வது. நான்தான் இஸ்திரி போட்டு வைப்பேன். அதை இடத்துக்காரனுக்கு மாட்டிவிட்டு, மூன்று பேரும் தாராவி மெயின் ரோட்டில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போனோம். போட்டோக்காரர் விளக்கைப் போட்டு, ஸ்டூலைத் துடைத்து, "யாருக்கு?" என்றார்.

இடத்துக்காரன் ஸ்டூலைப் பார்த்தான். பிறகு தன் விரல்களைப் பார்த்தான். இரண்டு கையும் சிவந்து தடித்திருந்தன.

"மாப்ளே," என்றான், "நேத்து ஏழு, இன்னைக்குக் காலையில நாலு. பதினோரு விரலு போயிருக்கு. எனக்கு இருக்கதே பத்துதான்."

"ஒரு வாரத்துல வந்திரும் மச்சான். எனக்கும் மொதல்ல..."

"ஒனக்கு மொத நாளே வந்துச்சு. பொய் சொல்லாத." சட்டையின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். "இதைப் போடு. நீ உக்காரு."

நம் ஆள் இரண்டடி பின்னால் போனான். "வேண்டாம். எடம் ஒன்னோடது. அந்தக் கடுதாசியில ஓம் அப்பா பேரு இருக்கு. நான் எப்படி அவரை எங்கப்பான்னு சொல்லுவேன்?"

"எங்கப்பா செத்து ஆறு வருசமாச்சு. அவரு ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு. விரலு வெட்டுப்படாத மவன் ஒருத்தன் இருக்கட்டும் அவருக்கு."

"அப்ப நீ? ஓம் பேரை நான் எடுத்துக்கிட்டா நீ எந்தப் பேருல வேலைக்குப் போவே?"

இடத்துக்காரன் சட்டையைக் கழற்றி அவன் தோளில் போட்டான். பனியனோடு நின்றபடியே சொன்னான்:

"ஏன், ஓம் பேரு சும்மாதான கெடக்கு? பம்பாய்க்கு வந்து ரெண்டு வருசமா அதை நீ வெளியிலயே எடுக்கல. மடிப்புக் கலையாம இருக்கும். அதை எனக்குக் குடு."

போட்டோக்காரர் விளக்கை அணைத்தார். "முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்கப்பா, பல்பு சூடாவுது" என்று உள்ளே போய்விட்டார்.

நான் சுவரோரமாக நின்றேன். ஊரில் ஒரு சாண் வரப்புக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே இரண்டு ஏழைகள், இரண்டு பேருக்கும் நாளைச் சாப்பாட்டுக்கு வழி தெரியாது, ஒருவரையொருவர் ஸ்டூல் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். ஆயுசு முழுவதற்குமான வேலையை. பேரையே சேர்த்து.

நம் ஆள் கடைசியாகக் கேட்டான்: "ஊருல?"

"ஊருல நீ நீதான், நான் நான்தான். தாதர்ல எறங்கினப்புறம் மட்டும் மாத்திக்கிடுவோம்."

அவன் சட்டையைப் போட்டுக்கொள்ள வெகுநேரம் ஆனது. பொத்தான் ஓட்டையே அகப்படாதவன் மாதிரி தடவிக்கொண்டிருந்தான். நான்தான் போய்ப் போட்டுவிட்டேன். அந்தப் படத்தின் மிச்சமான ஒரு பிரதியை நான் பின்னால் பார்த்திருக்கிறேன். பர்மனென்ட் கிடைத்தவன் முகமாக அது இல்லை. ஏதோ பெரிய கோவிலுக்குள் முதல் தடவை நுழைந்தவன் எங்கே நிற்பது என்று தெரியாமல் விழிக்கிற மாதிரி இருக்கும்.

விஷயம் தெரிந்ததும் கோலியில் ஒருவன், "பயந்துட்டான்டே" என்றான். அக்கா அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள். "பயந்தவன் பேரை வச்சுக்கிட்டு வேலையை விடுவான். இவன் வேலையையும் விட்டான், பேரையும் விட்டான். ஒனக்கு விடதுக்கு என்ன இருக்கு? அந்த அழுக்கு லுங்கிதான" என்றாள். அவனுக்கு அன்றைக்கு இட்லி வைக்கக் கடைசிவரை கை வரவில்லை அவளுக்கு.

திங்கட்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. மூன்று பேரும் செம்பூருக்குப் போனோம். டப்பா கம்பெனி வாசலில் நம் ஆள் படத்தையும் கடிதத்தையும் நீட்டினான். காவல்காரன் படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், உள்ளே விட்டான். அந்த வாசலில் முதல் தடவையாக ஒருவன் எங்கள் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே போனவன் ஒரு தடவை திரும்பினான். இடத்துக்காரன் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து, போ போ என்று கையை ஆட்டினான். பாதி நாள் கழித்து, மேஸ்திரி கோலிக்குச் சொல்லி அனுப்பினார்: இன்ஜினியர் நின்று பார்த்தார், பத்து விரலும் பத்திரம்.

அதற்குள் நானும் இடத்துக்காரனும் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு பெரிய ஆலை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போயிருந்தோம். ஜல்லி சுமக்க ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேஜை போட்டு ஒரு குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றோம். இடத்துக்காரன் முறை வந்தது.

"நாம்?" என்று இந்தியில் பேர் கேட்டார் குமாஸ்தா.

நம் ஆளுடைய பேரைச் சொன்னான். ஊர்ச் சபையில் சொல்வது மாதிரி சத்தமாகச் சொன்னான். குமாஸ்தா எழுதினார். அடுத்து, தகப்பன் பேர்?

அங்கே மாட்டிக்கொண்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும் விழித்தேன். நம் ஆளின் தகப்பனாரை எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் ஊரில் அவருக்கு ஒரு பட்டப்பேர். சின்னவர் பெரியவர் எல்லோரும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நிஜப் பேர் என்னவென்று நாங்கள் கேட்டதே இல்லை. குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. இடத்துக்காரன் ஒரு கணம் கண்ணை மூடிவிட்டு, அந்தப் பட்டப்பேரையே சொல்லிவிட்டான். குமாஸ்தா அதையும் எழுதினார். அவருக்கு எல்லா மதராஸிப் பேரும் ஒன்றுதான். பெரிய மனிதர் ஒருவரின் அப்பா பேரை எழுதுகிற மாதிரி, சுழித்துச் சுழித்து அழகாக எழுதினார்.

சாயங்காலம் நம் ஆள் கம்பெனியிலிருந்து வந்தான். படம் ஒட்டிய புதுக் கார்டை யாரிடமும் காட்டவில்லை. ஜல்லி சுமந்து தோள் கன்றிப்போய் உட்கார்ந்திருந்த இடத்துக்காரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பிறகு இடத்துக்காரன் தகப்பன் பேர் விஷயத்தைச் சொன்னான். மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னான்.

நம் ஆள் முதலில் நம்பவில்லை. "அதையா எழுதினான்? கவர்மெண்டு மாதிரி நோட்டுலயா?"

"ஆமா மாப்ளே. பேனா இங்கியில எழுதினான்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். அவன் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தான். அவனுடைய தகப்பனார் ஆயுசில் திருச்செந்தூரைத் தாண்டாதவர்.

"எங்கப்பன் பம்பாய்க்கு வந்துட்டான்டே," என்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடத்துக்காரனின் சிவந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்: "சத்தமாச் சொன்னியா மச்சான்?"

"அந்த வரிசைக்கே கேட்டுச்சு" என்றான் இடத்துக்காரன்.